கடைசிப் பெஞ்சை நான் கலைத்தேன்

போன மாதம் சேரம்பாடிப் பக்கத்திலிருந்து ஓர் இளம் தலைமையாசிரியை போன் செய்தார். அவருடைய பள்ளிக்கு ஒரு படிவம் வந்திருக்கிறதாம். எல்லாப் பிள்ளைகளையும் சமமாக நடத்துகிறோமா, யாரையும் ஒதுக்கி வைக்கவில்லையே என்று முப்பது கட்டங்கள். எல்லாவற்றிலும் ‘ஆம்’ என்று டிக் அடித்துவிட்டாராம். இருந்தாலும் மனசுக்குள் ஏதோ உறுத்துகிறது, நீங்கள் வந்து எங்கள் ஆசிரியர்களிடம் ஒரு மணி நேரம் பேச முடியுமா என்று கேட்டார். எனக்கு முட்டி வலி. குன்னூரிலிருந்து கூடலூர் தாண்டிப் பஸ்ஸில் போய்வர உடம்பு கேட்காது. அதோடு நான் மைக்கைப் பிடித்தால் லேசில் கீழே வைக்க மாட்டேன் என்பது என்னோடு வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

டிக் அடிப்பதில் நானும் கெட்டிக்காரிதான். அந்தக் காலத்தில் இப்படி ஒரு படிவத்தை என்னிடம் கொடுத்திருந்தால், முப்பது கட்டத்திலும் ‘ஆம்’ போட்டு, கீழே அழகாகக் கையெழுத்தும் போட்டு, அதே வாரத்தில் பதினோரு பிள்ளைகளைப் பள்ளியை விட்டுத் துரத்தியிருப்பேன். துரத்தவும் செய்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்பா பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். அருவங்காட்டில் தொழிற்சாலை வேலை. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் குவார்ட்டர்ஸில். சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிடுகிற வீடு எங்களுடையது. ஒழுங்கு என்றால் எனக்கு உயிர். ஆசிரியர் பயிற்சியைக் கோயம்புத்தூரில் முடித்தேன். அங்கே படித்ததில் கடைசி வரை கைகொடுத்தது கரும்பலகையில் கோணாமல் எழுதுவது மட்டும்தான். மற்றதையெல்லாம் நடுவட்டத்தில் ஞானமுத்து சாரிடம் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

ஞானமுத்து சார்தான் என் முதல் தலைமையாசிரியர். குள்ளமான மனிதர். மழையானாலும் பனியானாலும் காலையில் குடையோடு பள்ளி வாசலில் நிற்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனாலும் அவர் அறைக்குப் போகவேண்டும் என்றால் எங்களுக்குப் பயம். எல்லாம் அந்தச் சிவப்பு மையால் வந்தது. ஒரு பிள்ளை தொடர்ந்து ஒரு மாதம் வராவிட்டால், வருகைப் பதிவேட்டில் அதன் பெயர் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, எதிரே காரணத்தை எழுதிவிடுவது நடைமுறை. மற்றப் பள்ளிகளில் சிவப்பு மை ஆசிரியர் மேஜை மேலேயே இருக்கும். எங்கள் பள்ளியில் அது சாருடைய அலமாரிக்குள் இருந்தது. அலமாரிச் சாவி அவர் சட்டைப் பையில்.

முதல் தடவை நான் மை கேட்டுப் போனபோது அவர் எழுதுவதை நிறுத்தினார். பேனாவை மூடினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதெல்லாம் முடிகிற வரைக்கும் நாம் நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

"தர்றனுங்க அம்மிணி. மொதல்ல அந்த ஊட்டுக்குப் போயிட்டு வாங்க. வந்து மூணே மூணு சொல்லுங்க. கதவத் தொறந்தது யாரு? அடுப்புல என்ன இருந்துச்சு? உங்களப் பாத்ததும் புள்ள என்ன பண்ணுச்சு?"

அன்றைக்கு மழை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் அந்த லைன் வீடுகளுக்குப் போகிற பாதை முழுக்க ரத்தம் உறிஞ்சுகிற அட்டை. உப்புத் துணியைக் காலில் கட்டிக்கொண்டு போக எனக்குச் சோம்பல். பாதி தூரம் போய் ஒரு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்து, அம்மா கதவைத் திறந்தாள், அடுப்பில் சோறு, பிள்ளை என்னைப் பார்த்து ஒளிந்துகொண்டது என்று கடகடவென்று ஒப்பித்தேன். சார் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"அந்தப் புள்ளைக்கு அம்மா இல்லீங்க அம்மிணி."

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. மறுநாள் காலையில் அவருடைய குடையையும் ஒரு பொட்டலம் உப்பையும் என் மேஜை மேல் வைத்திருந்தார். போய்விட்டு வந்தேன். அந்தப் பிள்ளை இரண்டு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தது. தம்பியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னோம், வந்தது. நடுவட்டத்தில் இருந்த நான்கு வருடத்தில் எனக்கு அந்த மை இரண்டு தடவைதான் கிடைத்தது.

பல வருடம் கழித்து நானே தலைமையாசிரியையாகி, சேரம்பாடிக்குக் கீழே ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் போனேன். ஒரு காலத்தில் தேயிலைக் கொழுந்தை எடை போட்ட பழைய கொட்டகைதான் பள்ளிக்கூடம். ஒன்றிலிருந்து எட்டு வரை ஒரே நீளமான கூடம், நடுவில் தடுப்பு கிடையாது, என்னோடு சேர்த்து நான்கு ஆசிரியர்கள். மூன்று விதமான பிள்ளைகள் வந்தார்கள். சிலோனிலிருந்து திரும்பி வந்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற குடும்பத்துப் பிள்ளைகள்தான் அதிகம். அடுத்து, இஞ்சியும் மிளகும் போட்டிருந்த மலையாளம் பேசுகிற குடியானவர்களின் பிள்ளைகள். கடைசியாக, ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த பணியர் பாடியிலிருந்து பதினோரு பிள்ளைகள். பாடி என்றால் பணியர்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பு.

கூடத்தின் பின்சுவரை ஒட்டி ஒரு நீளப் பெஞ்சு கிடந்தது. அந்தப் பதினோரு பேரும், எந்த வகுப்பானாலும் சரி, அதில்தான் உட்கார்ந்தார்கள். நடுவில் லீலா என்ற பெண். எட்டாம் வகுப்பு. அந்தப் பாடியிலிருந்து எட்டாம் வகுப்பு வரை வந்த முதல் பிள்ளை அவள்தான். பாஸ் செய்தால் கூடலூரில் விடுதியோடு உயர்நிலைப் பள்ளி, இல்லாவிட்டால் அம்மா மாதியோடு காப்பி பறிக்கப் போகவேண்டியதுதான். அவளுக்கு இரண்டு பக்கமும் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் படிக்கிற சிறுசுகள் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்துக்குள்ளேயே ஒதுக்குபெஞ்சா என்று கேட்டேன். அவங்களா போய் உட்கார்ந்துக்கிறாங்க, ரொம்ப நாளா இப்படித்தான் என்று பதில் வந்தது. ரொம்ப நாள் பழக்கம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்னும் கோபம் அதிகமாகும். பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த அன்றைக்குப் பிரேயரிலேயே அறிவித்துவிட்டேன். இன்றிலிருந்து அவரவர் வகுப்பில் உயரப்படிதான் உட்கார வேண்டும். ஒரு பெஞ்சில் ஒரு பாடிப் பிள்ளைக்கு மேல் இருக்கக் கூடாது. சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு ஒவ்வொருவரையும் நிறுத்தி அளந்து, நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். பின்பெஞ்சைத் தூக்கி வராந்தாவில் போடச் சொன்னேன்.

அன்று மத்தியானமே மத்தாயி என்ற குடியானவர் வந்தார். அவர் மகள் பக்கத்தில் பாடிப் பிள்ளையை உட்கார வைத்திருக்கிறேனாம், மாற்ற வேண்டுமாம். "அந்தப் பெஞ்சு உங்க ஊட்டுப் பெஞ்சா இருந்தா நீங்க சொல்றபடி போடலாமுங்க. இது கவர்மெண்டுப் பெஞ்சு" என்றேன். மனிதர் முறைத்துக்கொண்டே போனார். எனக்கு அன்று இரண்டு வேளை சாப்பிட்டது போல இருந்தது.

அந்த முதல் நாளில் நடந்த இன்னும் இரண்டு விஷயத்தை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எட்டாம் வகுப்பு வரிசையிலிருந்த லீலா அடிக்கடி பின்னால் திரும்பிச் சிறுசுகளிடம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். வாயை மூடிக்கொண்டு பாடத்தைக் கவனி என்று இரண்டு முறை அதட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஒன்றாம் வகுப்பில் பிந்து என்கிற குட்டிப் பெண் உட்கார்ந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கேட்டுவிட்டு வெளியே போகக் கூடாதா என்று நான் பிந்துவைக் கடிந்துகொண்டேன். அந்தச் சமயத்தில் லீலா எழுந்து நின்று ஏதோ சொல்ல வந்தாள். உட்கார் என்றேன். உட்கார்ந்தாள்.

மறுநாள் பதினொன்றில் ஒன்றுகூட வரவில்லை.

அதற்கடுத்த நாளும் இல்லை. ஒரு வாரம் பார்த்தேன். எனக்கு ஒரே சந்தேகம், அது மத்தாயி மேல். அவர்தான் பாடிக்குப் போய் மிரட்டியிருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, நேராக அவருடைய இஞ்சித் தோட்டத்துக்கே போய்ச் சண்டை பிடித்தேன். போலீஸ், கலெக்டர் என்றெல்லாம் பேசினேன். அவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் சத்தம் ஓய்கிற வரை நின்றார். நான் அந்தப் பக்கமே போகவில்லை டீச்சரே, நீங்கள் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டார். நான் அதோடு திரும்பி வந்துவிட்டேன். பாடிப் பிள்ளையை மாற்றச் சொன்னது சரி என்று இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வி சரியான கேள்வி.

நான்காவது வாரமும் முடிந்தது. பெயர் நீக்குவதற்கு ஆயத்தமாகப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தேன். இப்போது சாவி என்னுடையது, மை என்னுடையது, தடுக்க ஆள் கிடையாது. புட்டியை வெளியே எடுத்தபோது ஞானமுத்து சாரின் மூன்று கேள்வியும் ஞாபகத்துக்கு வந்தன. கதவைத் திறந்தது யார் என்று தெரியாமல் பதினோரு பெயரை அடிக்கப் பார்த்தேனே என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. புட்டியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் குடையை எடுத்தேன்.

கணக்கு ஆசிரியர் செல்வராஜ் துணைக்கு வந்தார். அவர் சிறு வயதில் சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர். லைன் வீட்டை இன்னமும் லயம் என்றுதான் சொல்வார். ஓடையின் மேல் இரண்டு கமுகு மரத்தைப் போட்டிருந்தார்கள், அதுதான் பாலம். செல்வராஜ் கையைப் பிடித்துக்கொண்டு தாண்டினேன். லீலாவின் வீட்டில் மூங்கில் தட்டிக் கதவைத் திறந்தது அவள் தங்கை பிந்து. அடுப்பில் பாலில்லாத வெறும் கட்டன்காப்பி. என்னைப் பார்த்ததும் பிந்து உள்ளே ஓடவில்லை, அழவில்லை. அப்படியே நின்று பாவாடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது.

லீலாவும் மாதியும் வேலைக்குப் போயிருந்தார்கள். வாசலில் காத்திருந்தோம். மூன்று மணிக்கு மேல் அம்மாவும் மகளும் வந்தார்கள். லீலாவின் விரலெல்லாம் காப்பிப் பழக் கறை. ஏன் வரவில்லை, யாராவது மிரட்டினார்களா என்று கேட்டேன். மாதி மகளைப் பார்த்தாள். லீலா தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"சின்னதுகளுக்கு டீச்சர் பேசுறது மனசிலாகாது. நான் பக்கத்துல இருந்து பதுக்க, மெதுவாச் சொல்லிக் கொடுப்பேன். இப்போ அதுகள் ஓரோ இடத்துல. நான் பேசினா டீச்சர் வாயை மூடுன்னு சொன்னது. அன்னிக்கி பிந்து என்கிட்ட வெளிய போணும்னு சொன்னது. நான் டீச்சர்கிட்ட சொல்ல நின்னேன். டீச்சர் உட்காருன்னு சொன்னது."

எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு பெரிய வார்த்தை எதற்கு? வெட்கம்தான். பணியர்கள் வீட்டில் பேசுவது அவர்களுடைய சொந்த மொழி. அது தமிழுமில்லை, முழுக்க மலையாளமுமில்லை. எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் அந்தச் சிறுசுகள் பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன் டீச்சர்’ என்று சொல்லும். பாட்டென்றால் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து ராகமாகப் பாடும். அது போதும், பாடம் ஏறுகிறது என்று நாங்கள் நான்கு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒதுக்குபெஞ்சு என்று நான் தூக்கி வெளியே போட்டது அவர்களுடைய பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே டீச்சர், அது லீலா.

பெஞ்சைத் திரும்பப் போடுகிறேன், எல்லோரையும் கூட்டிக்கொண்டு வா என்றேன். திங்கட்கிழமை பதினொன்றும் வந்தன.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். அந்த வாரம் செல்வராஜ் எட்டாம் வகுப்புக்கு ஒரு கணக்குப் பரீட்சை வைத்தார். சாயங்காலம் லீலாவின் தாளை என் மேஜை மேல் வைத்தார். பின்னக் கணக்குத் தெரியவில்லை. வகுத்தல் தெரியவில்லை. ஆனால் கையெழுத்து மணி மணியாக இருந்தது. முத்து முத்தாக எழுதுகிற பிள்ளைக்கு வகுத்தல் எப்படித் தெரியாமல் போனது என்று கேட்டேன்.

"இந்தப் புள்ள எட்டு வருசமா ஒண்ணாம் வகுப்புலயேதான் உக்காந்திருக்கு டீச்சர்" என்றார். "வருசா வருசம் புதுசா வர்ற குட்டிகளுக்கு இதுதானே சொல்லிக் குடுக்குது? அதோட பாடத்தை அது எப்பக் கேட்கும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பெஞ்சைக் கலைத்ததும் தப்பு, திரும்பப் போட்டதும் தப்பு. லீலாவின் முதுகில் ஏறித்தான் எங்கள் பள்ளி அத்தனை வருடமும் ஓடியிருக்கிறது. நாங்கள் நான்கு பேரும் செய்ய வேண்டிய வேலையைச் சம்பளமில்லாமல் ஒரு சின்னப் பெண் செய்துகொண்டு, தன்னுடைய படிப்பைக் கோட்டைவிட்டிருக்கிறாள். முழு ஆண்டுத் தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது.

மறுநாள் ஆசிரியர்களைக் கூப்பிட்டேன். இனிமேல் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் நாம் நால்வரும் பணியர் மொழி படிக்கிறோம், சொல்லிக் கொடுப்பது லீலா என்றேன். ஒரு டீச்சர் முகத்தைச் சுளித்தார். ட்ரெயினிங் முடித்தது இதைப் படிக்கவா என்று கேட்டார். நான் சொன்னால் சொன்னதுதான் என்றேன். செல்வராஜ் மட்டும் சிரித்தார். அவர் இங்கே வந்து பள்ளியில் சேர்ந்தபோது, சிலோன் தமிழ் பேசியதற்காக வகுப்பே அவரைக் கேலி செய்து, ஒரு வருடம் வாயே திறக்காமல் இருந்தவராம். அதை அன்றுதான் எங்களிடம் சொன்னார்.

முதல் நாள் லீலா கரும்பலகை முன்னால் நின்று சாக்பீஸை உருட்டிக்கொண்டே இருந்தாள். நாங்கள் நால்வரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், நோட்டும் பேனாவுமாக. பழங்கள், மிருகங்கள் என்று பாடப்புத்தக வரிசையில் ஆரம்பிக்கலாம் என்றேன் நான். லீலா தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். அவள் முதலில் சொல்லிக் கொடுத்த வாக்கியம், ‘வெளியே போக வேண்டுமா?’. அடுத்தது, ‘வயிறு வலிக்கிறதா?’. அதற்கடுத்தது, ‘யார் அடித்தது?’. ஒரு சிறு பிள்ளைக்குப் பள்ளியில் எது முதலில் தேவை என்று எங்களை விட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவள் சொல்லச் சொல்ல அந்த மொழியைத் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொண்டு நாங்கள் உரக்கச் சொல்லிப் பார்த்தோம். வாசலில் எட்டிப் பார்த்த சிறுசுகள் என் உச்சரிப்பைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தன. பிந்து சிரித்ததை அன்றுதான் முதல் முதலாகப் பார்த்தேன்.

தினமும் காலையில் மணி அடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் செல்வராஜ் லீலாவுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தார். நாங்கள் நான்கு வார்த்தை பேசத் தேறிய பிறகு, சிறுசுகளாகவே ஒவ்வொன்றாக முன்னால் வந்து தத்தம் வகுப்போடு உட்கார ஆரம்பித்தன. நான் யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. மத்தாயி மகள்தான் பிந்துவைத் தன் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னாள். மத்தாயி இதைத் தடுக்க வரவில்லை. கடைசியாக லீலா எழுந்து எட்டாம் வகுப்புக்கு வந்தாள். பெஞ்சு காலியாகவே அங்கே கிடந்தது.

இன்னொரு சிக்கல் பாக்கி இருந்தது. லீலாவுக்கு வருகை நாட்கள் போதவில்லை. முன்பே காப்பி சீசனில் கொஞ்சம் போயிருந்தது, என் புண்ணியத்தில் போன நாட்களும் சேர்ந்து, தேர்வு எழுத வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது. அந்த நாட்களுக்குப் பேசாமல் வந்ததாகப் போட்டுவிடலாம் என்று சக ஆசிரியர் ஒருவர் காதோடு சொன்னார். யாருக்கும் தெரியப் போவதில்லைதான். ஆனால் நடுவட்டத்து டீக்கடையிலிருந்து வந்து நான் ஒரு தடவை பொய்யாகப் பதில் சொன்னது போதும் என்று பட்டது. வருகைக் குறைவை மன்னிக்கக் கோரி உதவிக் கல்வி அலுவலருக்கு விண்ணப்பம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில், தலைமையாசிரியையின் தவறான உத்தரவினால் மாணவி பள்ளிக்கு வர இயலவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அலுவலர் ஆய்வுக்கு வந்தார். அவர் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார மாட்டார். பதிவேட்டை ஒரு கையில் ஏந்தி, நின்றபடியே, பென்சில் முனையை ஒவ்வொரு பெயரின் மேலும் நகர்த்திக்கொண்டே படிப்பார். சாப்பாட்டு நேரம் தாண்டியும் படித்துக்கொண்டிருந்தார். அப்போது லீலா கரும்பலகைக்கு வந்துவிட்டாள், நாங்களும் வழக்கம் போலப் பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். தலைமையாசிரியை ஒரு மாணவியிடம் பாடம் படிப்பதை அவர் கதவருகில் நின்று கடைசி வரை பார்த்தார். பிறகு என் விண்ணப்பத்தை எடுத்து இரண்டு தடவை படித்தார்.

"டீச்சர், இத நான் மேல அனுப்பினா உங்களுக்கு மெமோ வரும். சர்வீஸ் புக்ல ஏறிடும். காரணத்த மாத்தி எழுதித் தாங்க, உடல்நலக் குறைவுன்னு. நான் பாஸ் பண்ணிடறேன்."

"அந்தப் புள்ளைக்கு உடம்பு நல்லாத்தானுங்க இருந்துச்சு. எனக்குத்தான் புத்தி சரியில்ல. அதுவே இருக்கட்டுங்க சார்."

அவர் விண்ணப்பத்தை மேஜை மேல் வைத்தார். பென்சிலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பேனாவை எடுத்துப் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டார். லீலாவுக்கு அனுமதி வந்தது. எனக்கு மெமோவும் வந்தது. அதை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நல்லாசிரியர் விருதெல்லாம் எனக்குக் கிடைத்ததில்லை, இது இருக்கிறது.

லீலா பாஸ் செய்தாள். கணக்கில் மட்டும் மயிரிழையில். ரிசல்ட் பார்க்க வந்தவளிடம் கூடலூர் விடுதிக்கு மனுவை நிரப்பலாம் என்றேன். அவள் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். சின்னதுகளைக் காலையில் வீடு வீடாகப் போய் எழுப்பி, ஓடையைத் தாண்ட வைத்துக் கூட்டி வருவது அவள்தானே. நான் போனால் அதுகள் வராது என்றாள். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஸ்கூல் தொறக்குற அன்னிக்கி நான் கூட வர மாட்டேன். அதுகள் தன்னால வந்தா நான் கூடலூர் போவேன். வரலேன்னா போக மாட்டேன் டீச்சரே."

மாற்றுச் சான்றிதழைத் தயார் செய்து கையெழுத்துப் போட்டு வைத்தேன். பதிவேட்டில் அவள் பெயரை மட்டும் அடிக்கவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்றைக்கு நல்ல மழை. ஞானமுத்து சார் மாதிரி நானும் குடையோடு வாசலில் நின்றேன். லைன் பிள்ளைகள் வந்தார்கள். குடியானவர் பிள்ளைகள் வந்தார்கள். முதல் மணி அடித்தது. செல்வராஜ் என் பின்னால் வந்து நின்றார். நான் ரொம்பத் தைரியசாலி என்று பேர் வாங்கினவள். அன்றைக்கு ஓடைப் பக்கம் பார்க்கவே பயமாக இருந்தது.

இரண்டாவது மணி அடிக்கப் போகும்போது, ஓடைப் பக்கத்து வளைவில் ஒரு வாழை இலை தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. தலைக்கு மேல் இலையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றின் கையை ஒன்று பிடித்தபடி வரிசையாக வந்தார்கள். எண்ணினேன். பத்து. முன்னால் வந்தது பிந்து. தூரத்தில், ஓடைக்கு அந்தக் கரையில், கமுகுப் பாலத்தின் முனையில் லீலா நின்றுகொண்டிருந்தாள். மழையில் முழுக்க நனைந்திருந்தாள். பாலத்தில் அவள் கால் வைக்கவில்லை.

நான் கற்றுக்கொண்ட அரைகுறைப் பணியர் மொழியில் பிந்துவிடம் கேட்டேன், உங்களை யார் கூட்டி வந்தது என்று. அவள் இலையைக் கீழே போட்டுவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தாள். தமிழில் பதில் சொன்னாள்.

"யாரும் இல்ல டீச்சர். நாங்களே வந்தோம்."

சொல்லிவிட்டு என்னைத் தாண்டி உள்ளே போய், இரண்டாம் வகுப்பின் முதல் பெஞ்சில் மத்தாயி மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் திரும்பி ஓடைப் பக்கம் பார்த்துக் குடையை உயர்த்திக் காட்டினேன். லீலா கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பாடியை நோக்கி ஓடினாள், மூட்டை கட்டத்தான்.

அலமாரியைத் திறந்து சிவப்பு மைப் புட்டியை எடுத்தேன். என் சர்வீஸில் அந்த மையைத் தொட்டபோதெல்லாம் கை கனக்கும். அன்றைக்கு அப்படி இல்லை. லீலாவின் பெயர் மேல் கோணாமல் ஒரு கோடு இழுத்து, எதிரே எழுதினேன்: ‘ஒன்பதாம் வகுப்புப் படிக்கச் சென்றாள்.’